அசையாத மடி

ஜூன் 9, திங்கள்

விடியும் முன்பே மதுரைக்குக் கிளம்பினோம். நம் டிரைவிங் ஸ்கூல் கார்தான். கூரையில் 'எல்' போர்டு, கதவில் 'சுடலை டிரைவிங் ஸ்கூல், கோவில்பட்டி' என்று மஞ்சள் எழுத்து. வேறு கார் எனக்கு ஏது? அக்காவின் கணவர் பொன்ராஜ் அத்தான் ஓட்டினார். பக்கத்து சீட்டில் நான். கற்றுக்கொடுப்பவருக்கென்று என் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அத்தான் லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆகிறது, இருந்தாலும் என் கால் அதன் மேல்தான் இருந்தது. தொழில் புத்தி. சாத்தூர் தாண்டியதும், "மாப்ள, ஒண்ணு காலத் தூக்கு, இல்ல நீயே ஓட்டு" என்றார். தூக்கினேன். விருதுநகரில் மறுபடி வைத்துவிட்டேன்.

பின்சீட்டில் ஒரு ஜன்னலோரம் அம்மா, இன்னொரு ஜன்னலோரம் அத்தானின் அம்மா. அத்தை என்று கூப்பிடுவேன். நடுவில் செண்பகம் அக்கா, அவள் மடியில் மகள் அமுதினி. வழி முழுக்க அமுதினி சீட் பெல்ட்டை மாட்டுவதும் கழற்றுவதுமாக வந்தாள். அந்த 'டக்' சத்தம் அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். ஆறு வயது. பேச்சு மிகக் குறைவு. ஆட்டிசம் என்று தெரிந்து சில வருடம் ஆகிறது. பயிற்சி கொடுக்கும் இடத்தில்தான் மரபணு சோதனை எடுத்துப் பாருங்கள் என்றார்கள். காரணம் தெரிந்தால் பின்னால் வலிப்பு மாதிரி ஏதாவது வருமா என்று முன்கூட்டியே கவனிக்கலாமாம்.

அக்காவும் அத்தானும் அதற்காகப் போனார்கள். இரண்டு அம்மாக்களும் போனது வேறு காரியத்துக்கு. யார் வீட்டு ரத்தம் என்று டாக்டர் வாயால் கேட்க வேண்டும்.

அதில் என் தலையும் உருள்கிறது. அத்தானின் தங்கை மாரிச்செல்வியை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு. ஆவணியில் கல்யாணம் என்று ஏறக்குறைய முடிவான நேரத்தில் இந்தச் சோதனை வந்தது. அத்தை பட்டென்று சொல்லிவிட்டார்: "ரிசல்ட்டு வரட்டும். உங்க பக்கத்துல இருந்து வந்ததுன்னா எம் மகளையும் அங்கயே எப்படிக் குடுக்க?"

கேட்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

டாக்டர் பெயர் ரெஹானா. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம் என்று வெள்ளைத்தாளில் இரண்டு குடும்பத்தையும் வரைந்தார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். இல்லை, அந்நியம். பிறகு, "குடும்பத்துல யாருக்காவது பேச்சு லேட்டா வந்திருக்கா? வலிப்பு? யார்கூடயும் சேராம தனியாவே இருந்தவங்க?" என்றார்.

"எங்க பக்கம் அப்படி யாரும் கெடையாது" என்றார் அத்தை, கேள்வி முடிவதற்குள்.

"எங்க பக்கமும் கெடையாது. எனக்குக் கூடப் பொறந்தவுகளே இல்ல" என்றாள் அம்மா.

பெண் பார்க்க வந்தவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னார்கள். சித்தப்பா குடிப்பாரா? சேச்சே. பெரியம்மாவுக்குச் சர்க்கரையா? இப்போதுதான் கேள்விப்படுகிறோம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இவ்வளவு குறையே இல்லாத ரெண்டு குடும்பத்த ஒரே ரூம்ல நான் பார்த்ததே இல்ல." இரண்டு அம்மாக்களும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவும் அத்தானும் ரத்தம் கொடுத்துவிட்டார்கள். அமுதினியிடம் எடுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியே அதிரும்படி அழுதாள், நர்ஸின் கைக்கடிகாரத்தைப் பிடுங்கி எறிந்தாள். இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஜூன் 11, புதன்

செல்விக்குக் காலை கிளாஸ். மெடிக்கல் ஷாப் வேலைக்குப் போகும் முன் வந்துவிடுகிறாள். ரிவர்ஸ் இன்னும் திருப்தியாக வரவில்லை.

"மாஸ்டர், சுவர்ல ஒரு கீறல் உண்டா? இன்னும் என்ன வரலங்கீக?"

கண்ணாடியைப் பார்த்து ஓட்டப் பழகவில்லை என்றேன்.

"கண்ணாடி உங்க பக்கமாத் திரும்பி இருந்தா நான் எங்கிட்டுப் பாக்க?"

யாரோ திருப்பி வைத்துவிட்டார்கள். கிளட்ச் கேபிள் மாற்ற வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போய் அமுதினிக்கு ஊசி ஒத்திகை பார்த்தேன். அவள் யார் மடியிலும் உட்கார்ந்து கையைக் கொடுக்க மாட்டாள். அதுவும் என் மடி என்றால் அவளுக்குப் பழைய கோபம் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று வயதில் கழுகுமலையில் அவளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில்தானே குத்த வேண்டும்? கூட்டம், மேளம், புதுப்பட்டுப் பாவாடை. நான் வேறு அவளைச் சமாதானப்படுத்துகிறேன் பேர்வழி என்று ஆட்டினேன், பாடினேன், கன்னத்தைத் தடவினேன். ஒரு காதுதான் முடிந்தது. இன்னொன்றுக்குள் ஆசாரியின் கையைக் கடித்துவிட்டாள். அந்த ஒற்றைத் துளையும் பிறகு தூர்ந்துபோனது.

இன்றும் அதே கதைதான். பாடினேன், ஓடினாள்.

அம்மா தின்பண்டம் கொடுக்க வந்தவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஏல, பேசாத. ஆட்டாத. தடவாத. கல்லு கணக்கா சும்மா இரி. மடி அசையலன்னாப் பிள்ளைக்குப் பயம் போயிரும்" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்படியே செய்தேன். பழைய காரிலிருந்து கழற்றிய சீட் பெல்ட் கொக்கி ஒன்று ஷெட்டில் கிடந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துக் கொக்கியைத் தேடி வந்தவள், அப்படியே மடியில் உட்கார்ந்தாள். டக். டக். டக். எனக்கு மூக்கு அரித்தது. சொறியவில்லை.

ஜூன் 19, வியாழன்

எடுத்தாயிற்று!

நான் உட்கார்ந்தேன், அவள் என் மடியில், கொக்கி அவள் கையில். நர்ஸைப் பேச வேண்டாம் என்று முன்பே கேட்டுக்கொண்டோம். ஊசி ஏறியபோது அமுதினியின் முதுகு ஒருமுறை விறைத்தது. நான் மூச்சைக்கூட அளந்துதான் விட்டேன். பிறகு டக் என்று கொக்கி மாட்டிய சத்தம் கேட்டது. அழவில்லை. அக்காதான் அழுதாள். அத்தான் வெளியே போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தபடி நின்றாள். "சங்கரன் மாதிரியே உக்காந்துருக்கடா" என்றாள், மெதுவாக, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல. எனக்குக் கேட்டுவிட்டது.

காரில், எந்தச் சங்கரன் என்றேன். பக்கத்து வீட்டுப் பையனாம். எங்கள் பக்கத்து வீட்டில் எனக்குத் தெரிந்து எப்போதுமே ரைஸ்மில்தான்.

சாத்தூரில் வெள்ளரிக்காய் வாங்கினோம். அமுதினி தோலை மட்டும் தின்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

எனக்குக் காது குத்தியது யார் மடியில்? இத்தனை வருடம் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. ஒன்றுவிட்ட மாமா ஒருவர் என்று சின்ன வயதில் சொன்னதாக ஞாபகம். ஒரு கல்யாணத்திலும் ஒரு சாவிலும் அந்த ஒன்றுவிட்ட மாமாவை நான் பார்த்ததில்லையே.

அக்காவிடம் போனில் கேட்டேன். அவள் என்னைவிட ஐந்து வயது மூத்தவள். "பின்கட்டுல ஒரு மாமா இருந்தாக சுடல. பேச மாட்டாக. காலித் தீப்பெட்டியா அடுக்கிக்கிட்டே இருப்பாக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லிருந்தா. நாளாக ஆக, அது நானாக் கண்ட கனவோன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

அம்மாவிடம் நேராகவே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

தம்பியாம். சங்கரன். தாத்தா தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர், அங்கிருந்து காலிப்பெட்டி கொண்டுவந்து போடுவாராம். சங்கரன் மாமா அதைச் சுவர் உயரத்துக்கு அடுக்குவாராம், ஒன்றுகூடச் சரியாது. அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது அவரைப் பின்கட்டில் வைத்துப் பூட்டினார்கள். பாட்டி, தாத்தா போனபிறகு அம்மாதான் அவரை இங்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் விவரம் தெரியும் முன்பே காய்ச்சலில் போய்விட்டார்.

"கட்டுன மனுசன் ஒரு வார்த்த கொறையாச் சொல்லல. ஊர் வாயி இருக்கே. செம்பகத்த யாரு எடுப்பான்னு பயம். அதான் அப்படி ஒருத்தன் இல்லவே இல்லன்னு ஆக்கிட்டேன்." கீரையைத் தள்ளி வைத்தாள். "ஒனக்கு அவன் மடியிலதான் காது குத்துச்சு. வீட்டுக்குள்ள வச்சு, கதவச் சாத்திக்கிட்டு. அவன் அசையவே மாட்டான்ல? நீயும் அழல. ஆசாரிகூடக் கேட்டாரு, இது என்ன பிள்ளையா பொம்மையான்னு."

இந்த வீட்டில் என்னைச் சுமந்த ஒரு மனிதர் இருந்திருக்கிறார். எனக்கு அவர் முகம் தெரியாது. எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. அவள் ஆய்ந்த கீரையையே மறுபடி இழுத்து ஆய்வதைப் பார்த்ததும் கோபம் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை.

"கல்யாணம் முடியிற வரைக்கும் வாயத் தெறக்காதய்யா. ஒனக்காகத்தான் சொல்லுதேன்" என்றாள்.

ஜூலை 2, புதன்

கிளாஸ். செல்வி இன்று பைபாஸில் நன்றாக ஓட்டினாள். "என்ன மாஸ்டர், இன்னைக்குத் திட்டவே இல்ல?" என்றாள். தொண்டை சரியில்லை என்றேன்.

சொல்லவில்லை.

ஜூலை 14, திங்கள்

செல்விக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. அதனாலென்ன, மழைக்காலத்தில் ஓட்ட இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். கோவில்பட்டியில் எப்போது மழை பெய்தது என்று கேட்டாள். பெய்தால் என்ன செய்வாய் என்று திருப்பிக் கேட்டேன். நாளையும் வருகிறாள்.

சங்கரன் மாமாவைப் பற்றி இன்றும் சொல்லவில்லை. வாய் வரை வந்தது.

ஜூலை 28, திங்கள்

ரிசல்ட். மறுபடி அதே கார், அதே ஜன்னல்கள். அத்தான் தன்னால் ஓட்ட முடியாது என்றார், நான் ஓட்டினேன்.

டாக்டர் ரெஹானா நிதானமாகச் சொன்னார். அமுதினியின் ஒரு மரபணுவில் சின்ன மாற்றம் இருக்கிறது. அதே மாற்றம் அவள் அம்மாவிடமும் இருக்கிறது. அத்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அத்தான் அவள் கையைப் பிடித்தார், அவர் அம்மா பார்க்கும்படியே பிடித்தார்.

"இருங்க, முடிக்கல" என்றார் டாக்டர். "இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஒண்ணுமே செய்யாத மாற்றம் எல்லார் உடம்புலயும் நிறைய உண்டு. இது எந்த வகைன்னு இன்னைக்கு எங்களுக்குத் தெரியல. அம்மா வழியில இப்படி வேற யாராவது இருந்திருந்தா, நான் இத வேற மாதிரிப் பார்ப்பேன். வலிப்பு வந்துச்சா, என்ன வயசுல வந்துச்சுன்னு தெரிஞ்சா பாப்பாவுக்கு எதக் கவனிக்கணும்னு சொல்லலாம். ஆனா நீங்க யாருமே இல்லன்னுட்டீங்க."

அந்தப் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தார். அம்மாவின் வட்டம் தனியாக நின்றது. கூடப் பிறந்தவர்களுக்கான பக்கத்தில் ஒன்றுமில்லை.

நான் அம்மாவைப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தால் செல்வி இல்லை. திறக்காவிட்டால் அமுதினிக்கு என்ன வரும் என்று தெரியாது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது. அங்கே எனக்கு நாக்கு எழவில்லை.

அமுதினி கீழே உட்கார்ந்து கொக்கியை மாட்டினாள். டக்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்" என்றாள் அம்மா.

டாக்டரிடம் சொல்லவில்லை. அத்தையைப் பார்த்துத்தான் சொன்னாள். "மறச்சிட்டேன் மதினி. சம்பந்தம் பேசும்போதும் மறச்சேன், போன தடவ இங்க வச்சும் மறச்சேன். அவன் பேசல. அவனுக்குப் பத்து வயசுக்கு மேல வலிப்பு வந்துச்சு. நல்லவன். யாருக்கும் ஒரு தொந்தரவு குடுத்ததில்ல. பேத்திக்கு ஆவும்னா எல்லாஞ் சொல்லுதேன். எம் மகளக் குத்தஞ் சொல்லாதீக, அவளுக்கு ஒண்ணுந் தெரியாது."

டாக்டர் அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்தார். அம்மா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். இதனாலும் முழு விடை கிடைத்துவிடாது, ஆனால் அமுதினிக்கு வலிப்பு வருமா என்று இனிக் கவனமாகப் பார்ப்போம், என்ன அறிகுறி என்று சொல்லித்தருகிறேன் என்றார். அம்மாவும் நானும் விரும்பினால் சோதித்துக்கொள்ளலாமாம். கடைசியாக அக்காவைப் பார்த்து, "யார்கிட்ட இருந்து வந்ததுங்கறது யார் தப்புங்கறது இல்லம்மா. உங்க கண்ணும்தான் அவளுக்கு வந்திருக்கு" என்றார்.

திரும்பி வரும்போது அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். சாத்தூரில் நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

ஜூலை 29, செவ்வாய்

செல்வி கிளாசுக்கு வரவில்லை.

ஜூலை 30, புதன்

வரவில்லை. லைசென்ஸ் வாங்கியவள் எதற்கு வர வேண்டும்? கார் கழுவினேன்.

ஜூலை 31, வியாழன்

மறுபடி கார் கழுவினேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். நாட்குறிப்பில்கூட எழுதாமல் யாருக்காக மறைக்கிறேன்? அம்மா பிள்ளைதானே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஷெட்டில் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். கிரீஸ் கையோடு நிமிர்ந்தால் செல்வி நிற்கிறாள். அவளாகவே டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டாள். நானும் ஏறினேன். எட்டயபுரம் ரோட்டில் வெகு தூரம் போனோம்.

"எல்லாத்தையும் அண்ணன் சொன்னாக" என்றாள்.

நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், தெரிந்தும் சொல்லவில்லை என்றேன். எனக்கும் அந்த மாற்றம் இருக்கலாம், நாளைக்கு நமக்கு ஒரு பிள்ளை பிறந்தால் எப்படி இருக்கும் என்று தெரியாது என்றும் சொன்னேன்.

"அமுதி மாதிரி இருந்தா?"

"இருக்கலாம்."

"அமுதிய எனக்கு அவ பொறந்த அன்னைலருந்து தெரியும். ஊசி போடப் போனவ கையக் குடுத்தாளாமே, உங்க மடியில உக்காந்து." ஒரு லாரியை அழகாக ஒதுங்கவிட்டாள். "சோதன எடுக்கணும்னா எடுப்போம். கல்யாணத்துக்கு அப்புறம். நானும் எடுக்கேன். எங்கம்மா சொல்லுத மாதிரி எங்க வீட்டு ஆளுக எல்லாம் தங்கமா என்னன்னு பாத்துருவோம்."

நான் கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துவிட்டேன்.

"இத்தன நாளு வராததுக்குக் காரணம் வேற. அம்மாகிட்ட சண்ட போட்டுக்கிட்டு இருந்தேன். அது இருக்கட்டும். உங்க மாமா எப்படி இருப்பாக? போட்டோ உண்டா?"

இல்லை என்றேன். ஒரு படம்கூடக் கிடையாதாம், அம்மா சொன்னாள்.

"ஒண்ணுகூடவா?" என்றவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பும்போது ரிவர்ஸ் எடுத்தாள், ஒரே வீச்சில், புளியமரத்துக்கும் பாலத்துக்கும் நடுவில். ஷெட் வந்து சேர்ந்தபிறகுதான் கவனித்தேன், வழி முழுக்க என் கால் பிரேக்கின் மேல் இல்லை.

இறங்கும்போது, "வாரேன் அத்தான்" என்றாள். இதுவரை மாஸ்டர்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. காலையில் அத்தை வந்தார், கூடவே அக்கா, அத்தான், அமுதினி. அம்மா சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல் வாசலுக்கு ஓடினாள். மதுரையிலிருந்து வந்தபிறகு இரண்டு பேரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

செல்வி சண்டையில் ஜெயித்துவிட்டாள், பேசியபடி ஆவணியிலேயே கல்யாணம். பத்திரிகை அடிக்க இரண்டு வீட்டாரும் சேர்ந்து பெயர்களைச் சொல்ல, அத்தான் எழுதினார். பாட்டன்மார், பெற்றோர், பெரியப்பா, சித்தப்பா. மணமகள் பக்கத் தாய்மாமன்கள் பெயர் எல்லாம் எழுதியாயிற்று. மணமகன் பக்கம் வந்ததும் அத்தானின் பேனா நின்றது. அம்மா எழுந்து, காப்பி போடுகிறேன் என்றாள்.

"உக்காருங்க மதினி" என்றார் அத்தை. "மாப்ளைக்குத் தாய்மாமன் பேரில்லாம பத்திரிக அடிப்பீகளோ? எங்க சாதிசனம் என்ன நெனைக்கும்? கூடப் பொறந்தவர் பேரச் சொல்லுங்க."

அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். எனக்குச் சொல்லத் தெரியும், ஆனால் அது நான் சொல்ல வேண்டிய பெயர் இல்லை.

"சங்கரநாராயணன்" என்றாள். அடுத்த நொடியே, கொஞ்சம் சத்தமாக, பின்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னாள். "சங்கரநாராயணன்."

அத்தான் 'தெய்வத்திரு' என்று போட்டு எழுதினார். அம்மா அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள். அத்தை, "போதும் மதினி, போதும்" என்று முதுகைத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்த்து, "பாத்துக்கிட்டு நிக்கியே, போயி காப்பியப் போடு" என்றார். சீனி போட மறந்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

புரூஃப் வந்தது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே ஒரு வரியை மட்டும் பார்க்கிறாள். வேறு எங்கே பிழை இருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

அமுதினியை இன்று எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அக்கா பட்டு எடுக்கப் போயிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன் காதைக் குத்திவிடலாமா என்று ஊரிலிருந்து யாரோ கேட்டார்களாம். அத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், பிள்ளைக்கு வேணும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று.

நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை, கொக்கியும் என் கையில் இல்லை. அமுதினி தானாக வந்து மடியில் உட்கார்ந்துகொண்டாள். முதுகை என் நெஞ்சில் சாய்த்து அப்படியே தூங்கிவிட்டாள். நோட்டை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து இப்படிக் கோணலாக இருக்கிறது. செல்வி போனில் கூப்பிடுகிறாள், போன் கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. கால் மரத்துவிட்டது.

நான் அசையவில்லை.